தண்டையார்பேட்டை வீட்டிலிருந்து கஸ்டம் பிசி பில்டிங்: சரக்கு வாங்கி வெச்சு ஆரம்பிக்கலாமா?

வடசென்னை_பில்டர்:

வணக்கம். தண்டையார்பேட்டையில முதல் மாடி வாடகை வீடு. 10-க்கு 10 ரூம் ஒண்ணை இதுக்குன்னு ஒதுக்கலாம். அசெம்பிளி, ஓஎஸ், டிரைவர், பயாஸ் அப்டேட் எல்லாம் தெரியும். கையில 1.5 லட்சம் இருக்கு. எலக்ட்ரானிக்ஸ் கடைத் தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்ல 2 கேமிங் பிசிக்கு வேண்டிய பார்ட்ஸை ஒண்ணா எடுத்து, கட்டி முடிச்சு, இன்ஸ்டாகிராம்ல படம் போட்டு விக்கிறதுதான் திட்டம். வித்த காசுல அடுத்த ரெண்டு.

கேள்விகள்: இப்படி ரெடியா கட்டி வெக்கிறது சரியா? ஜிஎஸ்டி முதல் நாளே எடுக்கணுமா? டெலிவரிக்கு முன்னாடி எவ்வளவு டெஸ்ட் பண்ணணும்? அப்புறம், பழைய வீடுகள்ல கேபினட்டைத் தொட்டா சுர்ருன்னு இருக்குன்னு சொல்றாங்களே, அது எஸ்எம்பிஎஸ் (பிசிக்குள்ள இருக்கிற பவர் சப்ளை) கோளாறா?

---

பழைய_மதர்போர்டு:

தம்பி, கட்டி வெச்சு விக்கிற யோசனையை முதல்ல விடுங்க. உங்க பேர்ல பில் போட்ட அன்னிக்கே வாரண்டி ஓட ஆரம்பிச்சிடும். மூணு மாசம் அலமாரியில கிடந்தா அந்த மூணு மாசம் கஸ்டமருக்கு நஷ்டம். விவரம் தெரிஞ்சவங்க பில் தேதியைத்தான் முதல்ல பார்ப்பாங்க. 2025 கடைசியில ரேம் விலை ஏறின வேகம் ஞாபகம் இருக்கும். அதே மாதிரி இறங்கினா ஸ்டாக் வெச்சவன் தலையில துண்டுதான். போதாக்குறைக்கு, வர்ற ஆள் "எல்லாம் ஓகே, வெள்ளை கேபினட்ல கிடைக்குமா"ன்னு கேட்பார்.

இப்படிப் பண்ணுங்க. கொட்டேஷன்ல "இன்று மாலை வரை மட்டும்"னு எழுதுங்க. ஆர்டர் உறுதியானதும் பார்ட்ஸ் காசு முழுசா வாங்கிட்டுக் கடைக்குப் போங்க. பில்லை டீலர்கிட்ட நேரா கஸ்டமர் பேர்லயே போடச் சொல்லுங்க, ஒவ்வொரு பார்ட்டுக்கும் சீரியல் நம்பரோட. உங்களுக்கு அசெம்பிளி, டெஸ்டிங் கூலி தனி. சாதா மெஷினுக்கு 1,500, கேபிள் வேலையும் வாட்டர் கூலரும் இருந்தா 3,000 வரைக்கும் கேட்கலாம். அப்போ வாரண்டி நேரா கம்பெனிக்கும் கஸ்டமருக்கும் நடுவுல இருக்கும். சர்வீஸ் சென்டருக்கு எடுத்துட்டுப் போறது மட்டும் உங்க வேலை, அதுக்கும் முதல் வருஷம் ஃப்ரீ, அப்புறம் கூலின்னு முன்னாடியே எழுத்துல கொடுத்துடுங்க.

உங்க பக்கம் மெட்ரோ ஏறினா நேரா அரசினர் தோட்டம் ஸ்டேஷன். அங்கேர்ந்து ரிச்சி ஸ்ட்ரீட் நடை தூரம். ஞாயிற்றுக்கிழமை போகாதீங்க, பெரும்பாலான ஷட்டர் இறங்கியிருக்கும். முகப்புக் கடையில கேட்ட விலையோட நிக்காம நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெருப் பக்கமும் விசாரிங்க. பிராசஸர் ரொம்ப மலிவா சொன்னா கம்பெனிப் பெட்டியோட வர்ற பாக்ஸா, பெட்டி இல்லாத டிரேயான்னு கேளுங்க. பாக்ஸ்னா கம்பெனியோட 3 வருஷ வாரண்டி. டிரே பீஸுக்கு வித்த கடைக்காரர் வாய்ச்சொல்தான் வாரண்டி.

அந்த 1.5 லட்சத்துல ஒரு பங்கை டெஸ்ட் சாமான்ல போடுங்க: நல்ல 650 வாட் எஸ்எம்பிஎஸ் ஒண்ணு, டிடிஆர்4 ரேம் ஒரு ஸ்டிக், டிடிஆர்5 ரேம் ஒரு ஸ்டிக், டிஸ்பிளே வந்தா போதும்ங்கிற பழைய கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு, மல்டிமீட்டர், காந்த முனை ஸ்க்ரூ டிரைவர் பெருசு சின்னது, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், தெர்மல் பேஸ்ட், சிஆர்2032 பேட்டரி அஞ்சாறு. இது இல்லாம "டிஸ்பிளே வரலை"ன்னு வர்ற மெஷின்ல எது போச்சுன்னு மாத்திப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. மீதிப் பணத்தைத் தொடாதீங்க. ஆர்எம்ஏ, அதாவது வாரண்டிக்காகக் கம்பெனிக்குப் போன போர்டு திரும்பி வர வாரக்கணக்கு ஆகும். ஆபீஸ் கஸ்டமருக்கு அதுவரைக்கும் மாத்து போர்டு கொடுத்தாதான் அடுத்த ஆர்டர் உங்களுக்கு.

கேமிங்கை மட்டும் நம்பாதீங்க. அந்தப் பசங்க 200 ரூபாய்க்கு மூணு வெப்சைட் பார்ப்பாங்க. வடசென்னையில காசு இருக்கிற இடம் கல்யாண வீடியோ எடிட்டிங், ஃப்ளெக்ஸ் பிரிண்டிங், பாரிமுனை கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ், டேலி ஓட்டுற மொத்தக் கடை. அவங்களுக்கு நேரம் வீணாகக் கூடாது, விலை அப்புறம்தான்.

எடிட்டர் வந்தா எந்த கேமரா, எந்த ஃபார்மட்னு முதல்ல கேளுங்க. ஹெச்இவிசி 4:2:2 10-பிட்ங்கிற, நிற விவரம் அதிகம் இருக்கிற வீடியோ ஃபார்மட்ல எடுக்கிறவருக்கு, மாடல் பேர் கடைசியில எஃப் போட்ட இன்டெல் பிராசஸரை மலிவா இருக்குன்னு கட்டிக் கொடுத்தா டைம்லைன் இழுத்து இழுத்து நிக்கும். அந்த ஃபார்மட்டை ஹார்டுவேர்ல பிரிக்கிறது பிராசஸருக்குள்ள இருக்கிற இன்டெல் கிராபிக்ஸ். எஃப் மாடல்ல அது இருக்காது. என்விடியா கிராபிக்ஸ் கார்டுகள்ல ஆர்டிஎக்ஸ் 50 சீரிஸ்லதான் 4:2:2 வந்தது. இந்த ஒரு கேள்வி கேட்கத் தெரிஞ்சா எடிட்டர் உங்களை விட்டுப் போகமாட்டார். டேலிக்கு இதெல்லாம் வேணாம்: ஐ3, 16 ஜிபி, நல்ல எஸ்எஸ்டி, யூபிஎஸ். யூபிஎஸ் இல்லாம டேலி மெஷின் கொடுக்கவே கொடுக்காதீங்க.

---

வரிக்கணக்கு:

மேலே சொன்ன முறை ஆரம்பத்துக்குச் சரி. ஆனால் நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரே பில், பதில் சொல்ல ஒரே ஆள் என்றுதான் கேட்பார்கள். அப்போது உங்களுக்கு ஜிஎஸ்டி எண் தேவைப்படும். சட்டப்படி கட்டாயம் எப்போது என்றால்: தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்றால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும்போது. கூலி, சர்வீஸ் என்று சேவையும் கலந்தால் வரம்பு 20 லட்சம். வெளி மாநிலத்துக்குப் பொருள் விற்றால் வரம்பே இல்லை, முதல் பில்லிலிருந்தே பதிவு வேண்டும்.

கட்டாயம் வருவதற்கு முன்பே எடுப்பது லாபமா? போட்டுப் பாருங்கள். பாகங்கள் 59,000, இதில் 18 சதவீத வரி 9,000, அடக்கம் 50,000. உங்கள் லாபம் 3,000 என்று வையுங்கள்.

பதிவு இல்லாமல்: 59,000 + 3,000 = 62,000.
பதிவோடு: 53,000 + வரி 9,540 = 62,540. ஏற்கெனவே கட்டிய 9,000-ஐக் கழித்துக்கொண்டு 540 மட்டும் நீங்கள் செலுத்துகிறீர்கள்.

வீட்டு உபயோகத்துக்கு வாங்குபவருக்கு வித்தியாசம் 540 ரூபாய். ஜிஎஸ்டி உள்ள கடைக்காரருக்கோ 9,540 வரவாகத் திரும்பிவிடும், அவருக்கு மெஷின் 53,000-தான். பதிவில்லாத உங்களிடம் வாங்கினால் முழு 62,000. ஆக, மாதம் இரண்டு நிறுவன ஆர்டர் வரும் நிலை வந்தால் எடுத்துவிடுங்கள். விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டம் இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது: பாகங்கள் வாங்கும்போது கட்டிய வரியை (உள்ளீட்டு வரி) நீங்களும் கழிக்க முடியாது, வாங்குபவரும் எடுக்க முடியாது.

எடுத்த பிறகு விற்பனை இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும். மறந்தால் நில் ரிட்டர்னுக்கே நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். விற்றுமுதல் சிறியதுதானே, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடும் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

வாடகை வீடு என்கிறீர்கள். பதிவுக்கு வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதமும் ஈபி பில் அல்லது சொத்து வரி ரசீதும் கேட்பார்கள். அவரிடம் முதலில் பேசுங்கள். ஈபி டாரிஃப் மாறுமோ என்ற பயத்தில்தான் பலர் மறுக்கிறார்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு அரசுத் தளத்தில் முற்றிலும் இலவசம், பணம் கேட்கும் தளங்கள் அரசுடையவை அல்ல.

---

மூணு_பின்_பிளக்:

சுர்ருன்னு அடிக்கிறது எஸ்எம்பிஎஸ் கோளாறு இல்ல ப்ரோ. பெரும்பாலும் அந்த வீட்டுல எர்த் இல்லைங்கிறதுதான் விஷயம். எஸ்எம்பிஎஸ் உள்ள இரைச்சலை வடிகட்ட ஃபேஸ்லேர்ந்தும் நியூட்ரல்லேர்ந்தும் பாடிக்கு ரெண்டு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். எர்த் இருந்தா அந்தக் கசிவு மண்ணுக்குப் போயிடும். இல்லைன்னா கேபினட் மேல மெயின்ஸ்ல பாதி, 115 வோல்ட் கிட்ட நிக்கும். கரண்ட் ரொம்பக் கம்மி, ஆனா புறங்கை பட்டா தெரியும். எஸ்எம்பிஎஸ்-ஐ மாத்தினாலும் அதேதான் இருக்கும்.

டெலிவரிக்குப் போகும்போது மீட்டர் கையில இருக்கட்டும். ஃபேஸ்–எர்த் 230 கிட்ட வரணும். நியூட்ரல்–எர்த் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும். ஃபேஸ்–எர்த்ல நூறோ நூத்தம்பதோன்னு ஆடிட்டு இருந்தா எர்த் வயர் எங்கயும் சேரலை. வீட்டுல மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் ஓடும்போதும் நியூட்ரல்–எர்த் சுத்தமா 0 காட்டினா சாக்கெட்டைக் கழட்டிப் பாருங்க. யாரோ எலக்ட்ரீஷியன் எர்த் பின்னை நியூட்ரலோட பாலம் போட்டிருக்கலாம். அதுதான் இருக்கிறதுலயே ஆபத்து. வழியில எங்கயாவது நியூட்ரல் அறுந்தா கேபினட்டுக்கே முழு ஃபேஸும் வந்துடும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் பழைய வீடுகள்ல இதை முதல்ல பாருங்க. எர்த் சரியாகாத வீட்டுல கரண்ட் ஓடிட்டு இருக்கும்போது ஹெச்டிஎம்ஐ கேபிளைச் சொருகக் கூடாதுன்னும் சொல்லிடுங்க, அந்த 115 வோல்ட் போர்ட்டு வழியா இறங்கி போர்ட்டையே தூக்கும்.

யூபிஎஸ்: 600 விஏன்னு எழுதியிருந்தா பெரும்பாலும் 360 வாட்தான். கிராபிக்ஸ் கார்டு லோடுல இருக்கும்போது கரண்ட் போனா அந்த யூபிஎஸ்ஸும் சேர்ந்து படுத்துடும். வீட்டு இன்வெர்ட்டர்ல மெஷின் ஓட்டுறவங்ககிட்ட பின்பக்க ஸ்விட்ச்சை யூபிஎஸ் மோடுல வைக்கச் சொல்லுங்க. சாதா மோடுல மாறுற நேரம் அதிகம், மெஷின் ரீஸ்டார்ட் ஆகும்.

காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடலோரத்துல உப்புக் காத்தும் சேர்ந்துக்கும். ஈரத்துல உப்புத் தூசி கரண்ட் கடத்தும், ரேம் கால்ல பச்சை பூக்கும். தினம் ஓடுற மெஷின் சூட்டுல தன்னைத்தானே உலர்த்திக்கும். மழைக்காலத்துல ரெண்டு வாரம் அணைச்சு வெச்ச மெஷின்தான் "டிஸ்பிளே வரலை"ன்னு வரும். ரேமைக் கழட்டி ஆல்கஹால்ல துடைச்சுப் போடுங்க. பென்சில் ரப்பரால தேய்க்கிற பழக்கம் வேணாம், தங்க முலாம் மெல்லிசு, நாலு தடவையில போயிடும்.

---

வடசென்னை_பில்டர்:

நன்றி அண்ணே, ஸ்டாக் யோசனையை விட்டாச்சு. கட்டும்போதும் டெஸ்ட்லயும் எதை விடக் கூடாதுன்னு மட்டும் யாராவது சொல்லுங்க.

---

டெஸ்ட்_பெஞ்ச்:

பெட்டி பிரிக்கிறதுலேர்ந்தே ஆரம்பிக்குது. புது போர்டோட சாக்கெட்டை மூடியைத் திறந்ததும் நல்ல வெளிச்சத்துல கிட்டப் போய் போட்டோ எடுங்க, சீரியல் ஸ்டிக்கரோட. இன்டெல்லுக்கும் ஏஎம்டியோட புது ஏஎம்5-க்கும் பின் சாக்கெட்டுல இருக்கு. ஒரு பின் வளைஞ்சா "ஃபிஸிக்கல் டேமேஜ்"னு வாரண்டியை மறுத்துடுவாங்க, வரும்போதே அப்படித்தான் இருந்ததுன்னு காட்ட போட்டோதான் இருக்கு. பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாதீங்க. மூடி இல்லாத போர்டை சர்வீஸ் கவுன்டர்ல வாங்க மறுக்கலாம்.

பழைய ஏஎம்4 மெஷின் (இதுல பின் பிராசஸர்ல இருக்கும்) அப்கிரேடுக்கு வந்தா கூலரை நேரா மேல இழுக்காதீங்க. காஞ்ச பேஸ்ட்ல ஒட்டிக்கிட்டு பிராசஸரும் சாக்கெட்டைப் பிச்சுக்கிட்டு வரும், பின் வளையும். பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கி, அணைச்சு, இடவலமாத் திருகி எடுங்க.

கேபினட்ல போர்டு அளவுக்கு மீறி ஒரு ஸ்டாண்ட்-ஆஃப் (போர்டைத் தாங்குற உலோகக் கால்) இருந்தா போர்டு அடியில ஷார்ட். ரேம் ரெண்டு ஸ்டிக்னா பிராசஸர்லேர்ந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட். மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸோட கழட்டி மாட்டுற கேபிள்களை வேற எஸ்எம்பிஎஸ் கேபிளோட கலக்கவே கலக்காதீங்க: எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை பிராண்டுக்கு பிராண்ட் வேற. பிளக் கச்சிதமா உட்காரும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்துல 12 வோல்ட் போயி எஸ்எஸ்டி எரியும். கிராபிக்ஸ் கார்டுக்குப் போற புது 12 வோல்ட் 16-பின் கனெக்டர் இடைவெளி தெரியாம முழுசா உள்ள போகணும், கனெக்டர்லேர்ந்து 3.5 செ.மீ. வரைக்கும் கேபிளை மடக்கக் கூடாது. கண்ணாடி முகப்பு கேபினட் போட்டோவுக்கு அழகு. ஏசி இல்லாத சென்னை ரூமுக்கு முன்பக்கம் வலைதான்.

ஏஎம்5 முதல் தடவை ஆன் பண்ணினதும் சில நிமிஷம் கருப்புத் திரைதான். ரேமைப் பழக்கிக்கிட்டு இருக்கு. அவசரப்பட்டு அணைச்சா மறுபடி முதல்லேர்ந்து. கஸ்டமருக்கும் இதைச் சொல்லி வைங்க.

டெஸ்ட் வரிசை: முதல்ல பயாஸ் அப்டேட். அப்புறம் ரேமை அதோட முழு வேகத்துல ஓட்டுற எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் பண்ணிட்டு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட்86ங்கிற ரேம் டெஸ்ட், நாலு பாஸ். ஒரே ஒரு எரர் வந்தாலும் ஸ்டிக்கை மாத்துங்க, "பரவாயில்லை" கிடையாது. காலையில கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோல எஸ்எஸ்டி ஓடின மணிநேரம் பாருங்க. புதுசுல நூத்துக்கணக்குல இருந்தா அது புதுசு இல்ல. கடைசியா ஓசிசிடி சாஃப்ட்வேர்ல, பிராசஸரையும் கார்டையும் ஒண்ணா முழு லோடுல ஓட்டுற பவர் டெஸ்ட் அரை மணி நேரம், கேபினட் மூடி போட்டு, ரூம் ஏசி அணைச்சு. 25 டிகிரி ரூம்ல 80 காட்டுற பிராசஸர் மே மாசம் 37 டிகிரி ரூம்ல 90 தாண்டும். ரிசல்ட் ஸ்க்ரீன்ஷாட்டை பில்லோட அனுப்புங்க.

விண்டோஸுக்குக் கஸ்டமர் காசு கொடுத்தா ஓஇஎம் லைசன்ஸ் போடுங்க, அது அந்த போர்டோட கட்டுப்பட்டதுன்னு எழுதிக் கொடுங்க. காசு தரமாட்டேன்னா லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுங்க. கிராக் மட்டும் கூடாது. கிளியரிங் ஆபீஸ் மெஷின்ல வைரஸ் வந்தா முதல் போன் உங்களுக்குத்தான் வரும்.

டெலிவரிக்கு கிராபிக்ஸ் கார்டையும் பெரிய டவர் கூலரையும் கழட்டித் தனிப் பெட்டியில கொண்டு போங்க. எண்ணூர் ஹைரோட்டுல கன்டெய்னர் லாரி தோண்டின பள்ளத்துல வண்டி குதிச்சா ஒன்றரைக் கிலோ கார்டு ஸ்லாட்டைப் பிச்சிடும். அங்க போய் மாட்டினதும் மானிட்டர் கேபிளை போர்டுல இல்லாம கார்டுல சொருகிக் காட்டுங்க.