28 மி.மீ. நியூ மாடல் ஆர்மி: ஈட்டி நிற்க மாட்டேன் என்கிறது, பெயிண்ட் உரிகிறது

தூரிகைமுனை:
மேசைப் போர் விளையாட்டுக்காக, ஆங்கில உள்நாட்டுப் போரின் 1645 நேஸ்பி சண்டைக்கு நியூ மாடல் ஆர்மியின் (நாடாளுமன்றத் தரப்புப் படை) ஒரு காலாட்படை ரெஜிமென்ட் தயாராகிறது. உலோக உருவங்கள்: 16 ஈட்டிக்காரர், 24 மஸ்கட்காரர் (மஸ்கட் என்பது பழைய நீளத் துப்பாக்கி). ஈட்டிக்கு 100 மி.மீ. ஸ்டீல் கம்பி. சூப்பர் க்ளூவில் ஒட்டினால், கையில் எடுத்ததும் பாதி கழன்றுவிடுகிறது. நிற்பவற்றிலும் பெயிண்ட் செதில் செதிலாக வருகிறது. எந்த நீளம் சரி? எந்தக் கட்டத்தில் ஒட்டுவது? சிவப்புக் கோட்டுக்கு என்ன சாயல்?

நெடுங்கோல்:
முதலில் நீளம். அந்தப் படைக்கு வாங்கிய ஈட்டிகள் 16 அடி, ஆஷ் மரம். 28 மி.மீ. உருவங்களுக்குரிய 1/56 அளவில் 87 மி.மீ. வரும். 100 மி.மீ.யை அப்படியே விட்டால் 18 அடியைத் தாண்டிவிடும். கூர்முனையைத் தொடாமல் அடிப்பக்கம் வெட்டுங்கள். ஸ்டீல் துண்டு தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

கழல்வதற்குக் காரணம் நெம்புவிசை. 87 மி.மீ. கம்பியை 3 மி.மீ. கைப்பிடி மட்டும்தான் பிடித்திருக்கிறது. சூப்பர் க்ளூ இழுப்பைத் தாங்கும், பக்கவாட்டுத் தட்டுக்கு உடையும். அதனால் இரண்டு இடத்தில் பிடிப்பு கொடுங்கள். 0.8 மி.மீ. கம்பி என்றால் கைப்பிடியில் 1 மி.மீ. துளை, அதே கோட்டில் பேஸிலும் (உருவம் நிற்கும் அடித்தட்டு) 2 மி.மீ. ஆழத்துக்கு ஒரு துளை. இரண்டிலும் ஐந்து நிமிட எபாக்ஸி பசை. துளைக்குள் பெயிண்ட் இருந்தால் சுரண்டி எடுங்கள். இல்லாவிட்டால் பசை பெயிண்டைத்தான் பிடிக்கும், உலோகத்தை அல்ல.

உரிவது வேறு கதை. வழவழப்பான ஸ்டீலில் எதுவும் ஒட்டாது. 240 நம்பர் உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்து, தின்னரில் துடைத்துவிட்டு, அதன்பின் விரல் படாமல் மெட்டல் பிரைமர் அடியுங்கள். காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் ஸ்ப்ரே வேண்டாம், மாவு தூவியது போலாகிவிடும். தெர்மாகோலில் வரிசையாகக் குத்திவைத்தால் 16 ஈட்டியையும் ஒரே மூச்சில் பூசலாம். உருவத்துக்கு வார்னிஷ் அடித்து முடித்த பிறகு, கடைசியாக ஈட்டியை ஏற்றுங்கள்.

நிறத்தில் பலர் கரும்பழுப்புக்குப் போகிறார்கள். ஆஷ் வெளிர் மரம். முனைக்குக் கீழே சுமார் 2 அடிக்கு இரும்புப் பட்டை ஓடும். அதாவது 11 மி.மீ. அதையும் உலோக நிறத்தில் பூசினால்தான் ஈட்டி ஈட்டியாகத் தெரியும்.

களவரிசை:
நெடுங்கோல் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஈட்டியைக் கிடையாக நீட்டிவைக்காதீர்கள். எதிரிப் பேஸோடு ஒட்டி நிறுத்தவே முடியாது, எத்தனை எபாக்ஸி போட்டாலும் அங்கேதான் உடையும். முன்வரிசை கொஞ்சம் சாய்ந்திருக்கட்டும், மற்றவை நிமிர்ந்திருக்கட்டும்.

40×40 மி.மீ. பேஸில் நால்வர் என்றால் ஈட்டிக்கு 4 பேஸ், நடுவில் 2×2. இருபக்கமும் மும்மூன்று மஸ்கட் பேஸ். முகப்பு 320 மி.மீ. காகிதக் கணக்கில் ஓர் ஈட்டிக்கு இரண்டு மஸ்கட். மஸ்கட்காரர் எட்டுப் பேரைக் கூட்டினால் அது சரியாக வந்துவிடும். நான் கூட்டத்தான் சொல்வேன், அந்தக் காலாட்படையில் துப்பாக்கிதான் அதிகம்.

செஞ்சாயம்:
கோட்டு மஞ்சிட்டி வகைச் சாயம், எல்லாம் ஒரே சிவப்பாக இருந்திருக்காது. அடியில் செம்பழுப்பு, மேலே செங்கல் சிவப்பு, மடிப்பு விளிம்பில் துளி ஆரஞ்சு கலந்தது. வெள்ளை கலக்கவே கூடாது, ரோஸ் ஆகிவிடும். கலவையை இரண்டு மூன்று விதமாக வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பூசுங்கள். கால்சட்டை சாம்பல் நிறம். படைத்தளபதி ஃபேர்ஃபாக்ஸின் ரெஜிமென்ட் என்றால் கைமடிப்பு நீலம். தோள்வாரில் தொங்கும் வெடிமருந்துக் குப்பிகளுக்கும் நீலம் பொருந்தும். மஸ்கட்டைப் பற்றவைக்கும் திரியின் இரு முனையும் எரியும்: சாம்பல் நிறம் வைத்து, நுனியில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி.

கொடி ஆறரை அடிச் சதுரம், ஆக 35 மி.மீ. கர்னலுடையது வெறும் ஒற்றை நிறம். லெப்டினென்ட் கர்னலுடையதில் மூலையில் செயின்ட் ஜார்ஜ் சிலுவை. மேஜருடையதில் அந்த மூலையிலிருந்து ஒரு தீச்சுடர். காகிதக் கொடியானால் பசை ஈரமாக இருக்கும்போதே அலையாக வளைத்துவிட்டு, வெட்டிய வெள்ளை விளிம்பில் கொடியின் நிறத்தையே பூசுங்கள்.

தூரிகைமுனை:
நன்றி. ஏற்கெனவே ஒட்டி, நிறமும் பூசிய உருவங்களிலிருந்து கம்பியைக் கழற்றுவது எப்படி?

நெடுங்கோல்:
அசிட்டோன் வேண்டாம், பெயிண்டும் சேர்ந்து போய்விடும். ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வையுங்கள். குளிரில் சூப்பர் க்ளூ இன்னும் நொறுங்கும் தன்மைக்கு வரும். வெளியே எடுத்ததும் கம்பியை இழுக்காமல் மெல்லத் திருகுங்கள். பனித்துளி முழுக்கக் காய்ந்த பிறகு துளை போடலாம்.