டிடிஎஃப் பிரிண்டரில் ஆன் செய்ததும் எல்லா லைட்டும் மின்னுகின்றன, உதவுங்கள்

வணக்கம். ஆறு கலர் ஏ3 போட்டோ பிரிண்டர் ஒன்றை டிடிஎஃப்புக்கு (டிசைனைப் பிலிமில் அச்சிட்டுச் சூட்டில் துணியில் ஒட்டும் முறை) மாற்றி, திருப்பூரில் டி-ஷர்ட் வேலைக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்றிலிருந்து ஆன் செய்ததும் கேரேஜ் (இங்க் தெளிக்கும் ஹெட்டைச் சுமந்து ஓடும் பகுதி) கொஞ்சம் நகர்ந்து டக்கென்று நின்றுவிடுகிறது, எல்லா லைட்டும் சேர்ந்து மின்னுகின்றன. கேரேஜ் எங்கே இருக்கிறது என்று காட்டும் என்கோடர் ஸ்ட்ரிப்பில் வெள்ளை இங்க் படலமாகப் படிந்திருந்ததைத் துடைத்தும் மாற்றமில்லை. பவரை அணைத்துவிட்டுக் கையால் தள்ளினால் கேரேஜ் தடையில்லாமல் ஓடுகிறது, அதனால் பெல்ட்டில் சிக்கல் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஆனால் ஹெட் கேபிள் முனையில் ஈரம் தெரிந்தது, வெள்ளை இங்க்கை ஹெட்டுக்கு அனுப்பும் டேம்பர் கசிந்திருக்கலாம். ஹெட் ஷார்ட் ஆகி போர்டில் ப்யூஸ் போயிருக்குமா? மல்டிமீட்டரில் எங்கே வைத்துப் பார்ப்பது? ஹெட்டைச் சோதிக்காமல் புது போர்டு போட்டு அதுவும் போய்விட்டால் தாங்காது. இதைச் சரிசெய்த அண்ணன்கள் யாராவது சொல்லுங்கள், ஆர்டர் அப்படியே நிற்கிறது.