புது வெப்சைட் போட்ட பிறகு கூகுளில் எங்கள் கடையே வரவில்லை, உதவி வேண்டும்

பனையோலை:
வணக்கம். உடன்குடியில் அப்பா கருப்பட்டி காய்ச்சுகிறார், ஆன்லைன் விற்பனை என் பொறுப்பு. பழைய தளம் சுமாராக இருந்தாலும் கூகுளில் தேடினால் வந்துவிடும். இரண்டு மாதம் முன்பு வேர்ட்பிரஸ்ஸில் புதிதாகச் செய்து வாங்கினோம். இப்போது கடைப் பெயரையே அடித்தாலும் வரவில்லை. எப்போதாவது பழைய பக்கம் ஒன்று வரும், தொட்டால் 404, அதாவது அந்தப் பக்கமே இல்லை என்று காட்டுகிறது. செய்து கொடுத்தவர் "தானாக வரும்" என்கிறார். பதநீர் சீசன் தொடங்கிவிட்டது, ஆர்டர் போன் அடிப்பதே இல்லை. எங்கே பார்ப்பது?

சர்வர்மேடு:
தானாக வராது அக்கா, காத்திருக்க வேண்டாம். சர்ச் கன்சோலில் (நம் தளம் கூகுள் தேடலில் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் கூகுளின் கருவி) முகப்புப் பக்கத்தின் முகவரியை மேலே உள்ள பெட்டியில் ஒட்டுங்கள். என்ன காரணம் காட்டுகிறது?

பனையோலை:
"நோஇண்டெக்ஸ்" என்று வருகிறது.

சர்வர்மேடு:
அதுதான். தளத்தை உருவாக்கும்போது கூகுள் தேடலில் காட்ட வேண்டாம் (நோஇண்டெக்ஸ்) என்று ஒரு டிக் போட்டு வைப்பார்கள். திறக்கும் நாளில் எடுக்க மறந்திருக்கிறார். வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் ரீடிங் பக்கத்தின் கடைசியில் இருக்கும். டிக்கை எடுத்து, கேச்சை, அதாவது தளம் சேமித்து வைத்திருக்கும் பழைய நகலை, காலி செய்துவிட்டு, சர்ச் கன்சோலின் அதே பெட்டியில் முகவரியைக் கொடுத்து லைவ் டெஸ்ட் போடுங்கள். அப்புறம் சைட்மேப்பை, அதாவது தளத்தின் பக்கங்களின் பட்டியலை, அங்கேயே கொடுங்கள்.

யாராவது ரோபோட்ஸ் கோப்பில் (எந்தப் பக்கங்களைத் திறக்கலாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் கோப்பு) எதையாவது தடுக்கச் சொன்னால் செய்யாதீர்கள். அங்கே தடுத்தால் கூகுள் பக்கத்தைத் திறக்கவே திறக்காது, நோஇண்டெக்ஸை எடுத்தது அதற்குத் தெரியாமலே போகும்.

404-க்கு, பழைய முகவரி ஒவ்வொன்றையும் அதற்கு நேரான புதுப் பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) செய்யுங்கள். பனங்கற்கண்டு பக்கம் பனங்கற்கண்டுக்கே போக வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால் கூகுள் அதையும் 404 போலத்தான் எடுத்துக்கொள்ளும்.

பனையோலை:
டிக் இருந்தது அண்ணா! எடுத்துவிட்டேன். இன்னொன்று: சுக்குக் கருப்பட்டி விவரம் என் போனில் மட்டும் புரியாத ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது. டிடிபி கடையில் அடித்த நோட்டீஸிலிருந்து அப்படியே ஒட்டியது.

எழுத்தாணி:
அது பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டும் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், கூகுளும் அதைத்தான் படிக்கும். "சுக்குக் கருப்பட்டி" என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் எப்படிக் கிடைக்கும்? எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு எழுத்தாக மாற்றித் தரும் மாற்றியில் போட்டு எடுத்து, ஒருமுறை கண்ணால் வாசித்துத் திருத்திவிட்டு ஒட்டுங்கள். நோட்டீஸைப் படமாகப் போட்டிருந்தால் அதையும் எழுத்தாகத் தட்டுங்கள். நம் ஊர்த் தளங்கள் பலவற்றில் இந்தக் குறையைப் பார்க்கிறேன், மனசு கேட்கவில்லை.

படங்கள் எவ்வளவு பெரியவை?

பனையோலை:
போனில் எடுத்தவை, ஒவ்வொன்றும் 4, 5 எம்பி.

எழுத்தாணி:
அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற, கோப்பின் அளவு குறையும் பட வடிவில் ஏற்றுங்கள். பக்கத்தின் முக்கியப் படம் 2.5 நொடிக்குள் தெரிந்துவிட்டால் நல்லது என்பது கூகுளின் அளவுகோல். முகப்பின் முதல் படத்துக்கு மட்டும் லேசி லோடு (பக்கத்தை உருட்டி அருகில் வரும்போதுதான் படத்தை ஏற்றுவது) வேண்டாம்.

பனையோலை:
ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். கடைப் பெயரை அடித்தால் முதலில் வருகிறது! ரீடைரக்ட் 14 போட்டேன். சுக்குக் கருப்பட்டி பக்கம் நேற்றுதான் இண்டெக்ஸ் ஆனது, அதாவது கூகுள் பட்டியலில் சேர்ந்தது. இன்று காலை மதுரையிலிருந்து 5 கிலோ ஆர்டர். அப்பாவிடம் போனைக் கொடுத்து அவரையே பேசச் சொன்னேன். இருவருக்கும் மிக்க நன்றி.