கோல்ட் 1877: நிக்கல் பூச்சு அசல்தானா?

வணக்கம் நண்பர்களே. பென்சில்வேனியாவில் இருக்கிறேன், பழைய அமெரிக்க டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர்கள் சேர்க்கிறேன்; அதாவது ட்ரிகரை இழுத்தாலே ஹேமர் (தோட்டாவை அடிக்கும் சுத்தி) தானே எழுந்து சுடும் வகை. ரொம்ப நாளாகத் தேடிய கோல்ட் 1877 போன வாரம் ஒரு வீட்டுச் சாமான் ஏலத்தில் கிடைத்தது. .38 காலிபர், 'லைட்னிங்' என்பார்களே, அதுதான். கோல்ட் கம்பெனியின் முதல் டபுள் ஆக்‌ஷன். வில்லியம் மேசன் வடிவமைத்தது. பறவைத் தலைபோல வளைந்த கைப்பிடி உள்ளங்கையில் அப்படியே உட்காருகிறது.

சந்தேகம் பூச்சில்தான். நிக்கல் பளபளக்கிறது. ஆனால் குழல்மேல் உள்ள எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கிறது, திருகுத் துளைகளைச் சுற்றி லேசான குழிவும் தெரிகிறது. பிற்காலத்தில் யாரோ தேய்த்துவிட்டு மறுபடி பூசியிருப்பார்களோ? ஃபிரேமிலும் ட்ரிகர் கார்டிலும் சீரியல் எண் ஒன்றாகவே இருக்கிறது, அது ஓர் ஆறுதல்.

அப்புறம், ட்ரிகரை இழுத்தால் ஹேமர் எழுகிறது, தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டர் சுழலவில்லை. இந்த மாடலின் உள்பாகங்கள் மென்மையானவை, சீக்கிரம் பழுதாகும் என்பது சேகரிப்பவர்கள் எல்லோரும் அறிந்ததே. நான் இதைச் சுடப்போவதில்லை. சரிசெய்வதா, தொடாமல் விடுவதா? தயாரிப்பு 1909-ஓடு நின்றுவிட்டது, அசல் பாகம் தேடுவதும் சுலபமில்லை. 1877-ஐப் பிரித்துச் சேர்த்துப் பழகிய ஆள் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். படங்கள் கீழே.