பாளையங்கோட்டை வீடு – குடும்பக் குழு

கார்த்தி: [படம்] இது கிழக்கு லண்டனில் கேபிள் தெருவில் இருக்கும் சுவரோவியம். கூட வேலை பார்க்கும் யூத நண்பர், அவர்கள் சமூகத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பழைய தெருக்களைச் சுற்றிக் காட்டுகிறார். இன்று நானும் மீனாவும் ஒட்டிக்கொண்டோம்.

சித்ரா அத்தை: சுவர் முழுக்க ஒரே அடிதடியாக இருக்கிறதே. குதிரை வேறு. என்ன சண்டை?

கார்த்தி: 1936 அக்டோபர் 4, அத்தை. மோஸ்லியின் கருஞ்சட்டைப் படை யூதர்கள் வாழும் பகுதி வழியாக ஊர்வலம் போகக் கிளம்பியது.

சித்ரா அத்தை: கருஞ்சட்டையா? நம்ம ஊர் ஆட்கள் மாதிரியா?

கார்த்தி: ஐயோ, நேர் எதிர். இவர்கள் பாசிஸ்டுகள், ஹிட்லர் மாதிரி யூதர்களை வெறுத்த கட்சி. மோஸ்லிதான் தலைவர்.

அப்பா: படம் பார்த்தது போதும். போன இடத்தில் ஊர்வலம், அரசியல் என்று தலையைக் கொடுக்காதே. நீ விசாவில் இருக்கிறவன்.

கார்த்தி: யூதர்களின் பிரதிநிதிகள் சபையும் அன்றைக்கு அதைத்தான் சொன்னது அப்பா, யாரும் வெளியே வராதீர்கள் என்று. ஊர்வலத்தைத் தடை செய்யச் சொல்லி ஏறக்குறைய 1 லட்சம் பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தும் அரசு மசியவில்லை. அப்புறம் யார் வீட்டில் இருப்பார்கள்?

ராஜா மாமா: சரி, ஜெயித்தார்களா, அடி வாங்கினார்களா?

கார்த்தி: இரண்டும்தான் மாமா. ஊர்வலத்துக்கு வழி எடுத்துக் கொடுக்க ஆயிரக்கணக்கில் போலீஸ். அடிதடியே பெரும்பாலும் போலீசோடுதான். யூதர்களும் ஐரிஷ் துறைமுகத் தொழிலாளிகளும் சேர்ந்து லாரியைக் கவிழ்த்துத் தெருவை அடைத்தார்கள். குதிரைக் காலடியில் கோலிக்குண்டை உருட்டிவிட்டார்கள். மாடியிலிருந்து பெண்கள் மூத்திரச் சட்டியைக் கவிழ்த்தார்கள். கடைசியில் மோஸ்லியை வேறு பக்கம் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சித்ரா அத்தை: சட்டியைக் கவிழ்த்தவளுக்குத்தான் முதல் பரிசு 😂

மீனா: பிள்ளைகள் செல்பி எடுத்து முடிக்கும்வரை நண்பர் சும்மா இருந்தார். அப்புறம்தான் கேட்டார், "ஐந்தே மாதத்தில் என்ன நடந்தது தெரியுமா?" ஒருவருக்கும் தெரியவில்லை. 1937 மார்ச்சில் லண்டன் கவுண்டி கவுன்சில் தேர்தல். மோஸ்லியின் அதே கட்சி கிழக்கு லண்டனின் வடகிழக்கு பெத்னல் கிரீன் தொகுதியில் நின்று நூற்றுக்கு 23 ஓட்டு வாங்கியது!

நந்தினி: சீட்?

மீனா: ஒன்றும் இல்லை. ஆனால் விரட்டிவிட்டோம் என்று உட்கார்ந்திருந்தால் கிடைத்திருக்கும் என்றார். 18 வயதானவர்களை அங்கேயே போனை எடுத்து வாக்காளர் பட்டியலில் பதியச் சொன்னார். இரண்டு பேர் முனகிக்கொண்டே பதிந்தார்கள்.

நந்தினி: ரோத்ஸ்சைல்டு கதையும் சொன்னாரா அண்ணா? யூத வங்கியாளர், 1847இல் லண்டன் சிட்டி தொகுதியில் பார்லிமெண்டுக்கு ஜெயித்தவர். எம்.பி. உறுதிமொழியில் கிறிஸ்தவ விசுவாசத்தின் பேரில் என்று வரும். சொல்ல மாட்டேன் என்றார், உட்கார விடவில்லை. தொகுதி திரும்பத் திரும்ப அவரையே தேர்ந்தெடுத்தது. கீழ்ச்சபை மசோதா போடும், பிரபுக்கள் சபை தள்ளிவிடும். 1858 ஜூலையில்தான் இடம் கிடைத்தது.

ராஜா மாமா: கோடீஸ்வரர். 11 வருடம் காத்திருக்கலாம்.

நந்தினி: அது சரிதான். அவரைப் போலவே ஜெயித்த இன்னொரு யூதர் டேவிட் சாலமன்ஸும் வசதியானவர்தான். 1851இல் அந்த வார்த்தைகளை விட்டுவிட்டு உறுதிமொழி எடுத்து, உள்ளே உட்கார்ந்து ஓட்டும் போட்டார். 500 பவுண்ட் அபராதம்.

கார்த்தி: இவ்வளவு பாடுபட்டு உள்ளே போன ரோத்ஸ்சைல்டு சபையில் வாயே திறக்கவில்லையாம்.

சித்ரா அத்தை: நம்ம வார்டு கவுன்சிலர் மாதிரி.

கார்த்தி: மாமா, காசில்லாதவர் கதையும் இருக்கிறது. பில் பிராட்டின், கம்யூனிஸ்ட், கேபிள் தெருவில் நின்றவர். 1937இல் ஸ்டெப்னி கவுன்சிலர், 1945இல் மைல் எண்ட் எம்.பி. மேடைப் பேச்சைவிட வாடகைத் தகராறுதான் அவருக்குக் கைகொடுத்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி நெருக்கப்பட்ட பாசிஸ்ட் குடும்பங்களுக்கும் அவர் ஆட்கள் காவல் நின்றார்களாம். அந்தக் குடும்பத்தார் தங்கள் பாசிஸ்ட் கட்சி அட்டையைக் கிழித்துப் போட்டார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார்.

ராஜா மாமா: இது விஷயம். இந்த ஆளைப் பற்றி இன்னும் இருந்தால் அனுப்பு.

அப்பா: எல்லாம் சரி. அது அவர்கள் பிறந்து வளர்ந்த ஊர். உனக்கு அங்கே என்ன?

கார்த்தி: ஓட்டு இருக்கிறது அப்பா. காமன்வெல்த் நாட்டுக்காரர் இங்கே சட்டப்படி குடியிருந்தால் கவுன்சிலுக்கும் போடலாம், பார்லிமெண்டுக்கும் போடலாம். இந்திய பாஸ்போர்ட் இருந்தாலும்தான். பிள்ளைகளோடு சேர்ந்து நாங்களும் பதிந்துவிட்டோம்.

அப்பா: விசாவுக்கு ஒன்றும் ஆகாதே?

நந்தினி: ஆகாது பெரியப்பா. அவர்கள் சட்டமே கொடுத்திருக்கிறது.

ராஜா மாமா: யாருக்குப் போடப் போகிறாய் மாப்பிள்ளை?

கார்த்தி: குப்பை வண்டியை நேரத்துக்கு அனுப்புகிறவருக்கு.

மீனா: ஓட்டுப் போட என்ன கொண்டுபோக வேண்டும் மதினி என்று நந்தினி என்னிடம் தனியாகக் கேட்டாள், இங்கேயே சொல்கிறேன். 2023 முதல் வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் கேட்பார்கள். நம் பாஸ்போர்ட்டே போதும்.

அப்பா: பாஸ்போர்ட்டைப் பின் பாக்கெட்டில் சொருகிக்கொண்டு போகாதே. கூட்டம் சேர்வதற்குள் காலையிலேயே இரண்டு பேரும் போய்ப் போட்டுவிட்டு வாருங்கள்.