லண்டன் அத்தான் காய்ச்சிக் கொண்டுவந்த ஏல்: குடித்துப் பார்த்து எப்படிக் கருத்துச் சொல்வது?

கல்லடியான் எழுதியது:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அத்தான் லண்டனில் தன் வீட்டிலேயே ஏல் என்ற பியர் வகையைக் காய்ச்சுகிறவர். இந்த முறை லீவில் வந்தபோது பிட்டர், ஐபிஏ (இந்தியா பேல் ஏல்), கோதுமை பியர், ஸ்டவுட் என்று நான்கு வகை கொண்டு வந்திருக்கிறார். சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் நாலைந்து பேர் கூடிக் குடித்துப் பார்த்து, ஒவ்வொன்றும் எப்படி என்று சொல்ல வேண்டுமாம். "நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லாதே, எங்க பிழை என்று சொல்லு" என்கிறார். எங்களுக்குத் தெரிந்தது நன்றாகக் குளிரவைத்த லாகர் பியர் மட்டும்தான். போத்தல்களின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்து கிடக்கிறது. பழுதாகிவிட்டதா? அம்மா நண்டுக் கறியும் வைக்கிறேன் என்கிறார்.

களுவாஞ்சிக்குடி மாமா எழுதியது:
தம்பி, பழுது இல்லை. அது ஈஸ்ட். வீட்டில் காய்ச்சுகிறவர்கள் போத்தலில் அடைக்கும்போது கொஞ்சம் சீனி சேர்ப்பார்கள். ஈஸ்ட் அந்தச் சீனியைத் தின்று வாயுவை உண்டாக்கிவிட்டு அடியில் படிந்துவிடும். போத்தல்களை முதல்நாளே பிரிட்ஜில் நிமிர்த்தி வை. ஆட்டாமல், நிறுத்தாமல் ஊற்று, கடைசி விரற்கடை போத்தலிலேயே கிடக்கட்டும். கோதுமை பியருக்கு மட்டும் அடியையும் கலக்கி ஊற்றுவது ஜேர்மன்காரர் வழக்கம்.

நான் லீட்ஸில் நெடுங்காலம் வேலை செய்தவன். இங்கிலாந்தில் வீட்டில் பியர் காய்ச்ச லைசென்ஸ் வேண்டும் என்ற விதியை 1963இல் எடுத்துவிட்டார்கள். எங்கள் தெருவில் காய்ச்சுகிறவர்கள் ஞாயிறு மதியம் கூடி, ஒருவர் காய்ச்சியதை மற்றவர் குடித்துக் குறை சொல்வார்கள். எனக்குப் பிடித்திருக்கிறதா என்று அங்கே யாரும் முதலில் பார்ப்பதில்லை. இது எந்த வகை, அந்த வகைக்கு உரியபடி வந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

கோதுமை பியரை முகர்ந்ததும் கோழிக்கூட்டு வாழைப்பழமும் கராம்பும் மணந்தால் உன் அத்தான் கெட்டிக்காரர். அந்த ஈஸ்ட் தர வேண்டிய மணம் அதுதான். அதே வாழைப்பழ மணம் பிட்டரில் தூக்கலாக அடித்தால், ஈஸ்ட் அளவுக்கு மிஞ்சிய சூட்டில் வேலை செய்திருக்கிறது என்று சொல்லலாம். ஏல் ஈஸ்ட்டில் பெரும்பாலானவற்றுக்கு 18 முதல் 22 பாகை செல்சியஸ்தான் தோது. ஐபிஏ கசக்கத்தான் வேண்டும், அதைக் குறையாக எழுதிவிடாதே. தோடம்பழத் தோல், தேசிக்காய், பைன் மரம் என்று, பியருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹொப்ஸ் பூவின் மணம் எழும்ப வேண்டும். அந்த மணம் நாள்பட நாள்பட மங்கிவிடும், ஆகவே எப்போது அடைத்தது என்று கேட்டுக்கொள். ஸ்டவுட்டின் கறுப்பும் கோப்பிச் சுவையும் கருக வறுத்த பார்லியில் இருந்து வருகிறவை.

பிட்டரும் ஸ்டவுட்டும் 10 முதல் 13 பாகையில்தான் வாய் திறக்கும். நம் ஊர்ச் சூட்டில் பிரிட்ஜில் இருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்தால் போதும். கிளாஸில் சவர்க்காரமும் எண்ணெயும் துளியும் இருக்கக்கூடாது, நுரை செத்துவிடும். முகரும்போது ஃபேனை நிறுத்திவிடு. மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடி மெதுவாகச் சுழற்று. கையை எடுத்த உடனே முகர்ந்து, மனதில் பட்ட முதல் சொல்லை எழுது. மறுகாதான் ஒரு வாய். விழுங்கிய பிறகு கசப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்றும் பார்.

கோதுமை, பிட்டர், ஐபிஏ, ஸ்டவுட் என்ற வரிசையில் போ. இடையில் தண்ணீரும் வெறும் பாணும். நண்டுக் கறி எல்லாம் முடிந்த பிறகு. அந்த உறைப்பு நாக்கில் ஏறினால் பிட்டரும் ஐபிஏயும் ஒன்றுதான்.

பாண்டிருப்பு அக்கா எழுதியது:
புள்ளி போட விரும்பினால் அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பிஜேசிபி என்ற பியர் நடுவர் அமைப்பின் புள்ளித் தாள் நல்லது. மொத்தம் 50: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு 3 மட்டும் என்பதைக் கவனியுங்கள். கொஞ்சம் கலங்கி இருந்தால் அதற்காக அத்தானைப் போட்டு வதைக்க வேண்டாம். எல்லோரும் எழுதி முடிக்கும் வரை ஒருவரும் வாய் திறக்காதீர்கள். ஒருவர் "வாழைப்பழம்" என்றால் மற்றவர்களுக்கும் வாழைப்பழம்தான் மணக்கும்.

கல்லடியான் எழுதியது:
அக்கா, மாமா, சொன்னபடியே செய்தோம். ஸ்டவுட்டுக்குத்தான் எல்லோரிடமும் கூடிய புள்ளி. கோதுமையில் கராம்பு நன்றாகத் தெரிந்தது. பிட்டரில்தான் சிக்கல், ஐந்து பேரில் மூன்று பேர் "பட்டர்" என்று எழுதியிருந்தோம். நாக்கிலும் ஒரு வழுக்கல். அத்தானுக்கு முகம் கொஞ்சம் வாடிவிட்டது. அது என்ன?

களுவாஞ்சிக்குடி மாமா எழுதியது:
சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். அதன் பெயர் டையசெட்டில். புளிக்கும்போது உண்டாகும், கடைசியில் ஈஸ்ட்டே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அவசரப்பட்டுக் குளிரவைத்தாலோ போத்தலில் அடைத்தாலோ மிஞ்சிவிடும். இங்கிலாந்து பிட்டரில் மெல்லியதாக இருந்தால் விடலாம், நாக்கு வழுக்கும் அளவுக்கு வந்தால் குறைதான். புளிப்பும் சேர்ந்து வந்ததா என்று ஒருதரம் யோசித்துப் பார். வந்திருந்தால் கிருமி புகுந்திருக்கலாம், பாத்திரங்களையும் குழாய்களையும் நன்றாகக் கழுவச் சொல். இல்லையென்றால் அடுத்தமுறை புளித்து முடிகிற நேரத்தில் இரண்டு மூன்று நாள் கூடுதலாக, ஓரிரு பாகை சூட்டையும் கூட்டி விட்டுவைக்கச் சொல்.