நெல் நிற்கும்போதே உளுந்து தெளிப்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்?

மன்னார்குடி பக்கத்து உழவர் குழு ஒன்றுக்காகத் திட்ட அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதுகிறேன். ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன்.

சம்பா, தாளடி அறுவடைக்கு 5 முதல் 10 நாள் முன்பு, கதிர் நிற்கும் வயலிலேயே உளுந்தும் பச்சைப்பயறும் கையால் தெளிப்போமே, அந்தச் செயலுக்கான சொல் வேண்டும். உழவு கிடையாது, பிறகு பாசனமும் கிடையாது. மண்ணில் மிஞ்சிய ஈரமும் பனியுமே பயிரை வளர்த்துவிடும். நம் டெல்டாவின் அருமையான முறை இது. படிக்கப்போகிறவர்கள் நெல் வயலையே பார்த்திராத வெளிநாட்டுக்காரர்கள்.

முதலில் 'இன்டர்கிராப்பிங்' என்று போட்டேன். அது இரண்டு பயிரும் சேர்ந்தே வளர்வது, பொருந்தவில்லை. வேளாண் நூல்களில் 'ரைஸ் ஃபாலோ பல்சஸ்' என்று இருக்கிறது. ஆனால் அது பயிரின் பெயர், தெளிப்பின் பெயர் அல்ல. ஃபாலோ என்றதும் தரிசு நிலம் என்றுதான் நினைப்பார்கள், நம் வயலில் அப்போது நெல் நிற்கிறதே! 'ஓவர்சீடிங்' என்றால் புல்தரை நினைவுக்கு வருகிறது. கிழக்கிந்தியாவில் இதையே பைரா, உதேரா என்கிறார்கள், வெளியில் புரியாது. 'ரிலே கிராப்பிங்' (முதல் பயிர் அறுவடையாகும் முன்பே அடுத்த பயிரைத் தொடங்குவது) நெருங்கி வருகிறது, ஆனால் வரிசையில் நடுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

முளைத்த பயறு அறுவடை இயந்திரத்தின் சக்கரத்தில் நசுங்குவது பற்றித் தனிப் பகுதியே இருப்பதால், இந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும். அறிக்கையை இந்த வாரக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும்.

நிற்கும் பயிருக்குள் விதை தெளிப்பதை மட்டும் குறிக்க, ஆங்கிலத்தில் புழக்கத்தில் உள்ள சொல் எது?